தோல் ஸ்டாக்: பீஸும் அடியும் ஒன்றாகக் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேர் எது?

பேரணாம்பட்டில் சின்ன யூனிட். ஆட்டுத்தோல் வாங்கி, ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்க வெளியே ஜாப்வொர்க்குக்கு அனுப்புகிறோம். தோலை எண்ணுவது பீஸில், பில் சதுர அடியில். இப்போதுள்ள சாஃப்ட்வேர் இரண்டுக்கும் நிலையான ஒரே விகிதம் கேட்கிறது. ஒரு லாட்டில் 40 பீஸ் 212 அடி; அடுத்ததில் அதே 40 பீஸ் 187 அடிதான். தோல் என்ன, அச்சில் வார்த்த செங்கல்லா?

பீஸுக்கு 5 அடி என்று சராசரி போட்டால் ஸ்டாக் மைனஸில் போகிறது. லாட்டுக்கு ஒரு பேட்ச் எண் கொடுத்தும் பார்த்தாச்சு. டெலிவரி சலானில் பேட்ச் வருவதில்லை, தையல்காரரிடம் தோல் பாக்கி எவ்வளவு என்று பிடிபடவில்லை. தனியாக எக்செல் வைத்தால் ஐடிசி-04 (ஜாப்வொர்க்குக்கு அனுப்பிய சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம்) போடும்போது ஒத்துப்போவதில்லை.

விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், என்ட்ரிக்கு 2 பேர், மாதம் 60 பில், விற்றுமுதல் 5 கோடிக்குள். ஏப்ரல் 1-லிருந்து புதியதில் ஓட்ட வேண்டும்.

லாட்டுக்கு லாட் பீஸ், அடி இரண்டையும் தனித்தனியாக ஏற்று, ஜாப்வொர்க் சலானிலும் காட்டுகிற சாஃப்ட்வேர் எது?