பட்டினா (patina), பிரான்ஸ் டிசீஸ் (bronze disease): இரண்டு களிம்புகளுக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

செம்பு, வெண்கலப் பொருள்களை ஓயாமல் அரிக்கும் 'bronze disease' என்பதற்கு, அருங்காட்சியகக் கையேட்டுக்காக முன்மொழியப்பட்ட 'வெண்கல நோய்' என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. அங்கே கிருமி எதுவும் இல்லை. உலோகத்தில் தங்கிவிட்ட குளோரைடு, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் செம்பை அரித்து மறுபடியும் குளோரைடையே பிறப்பிப்பதால், ஈரம் உள்ளவரை அரிப்பு ஓய்வதில்லை. பட்டினாவோ காலப்போக்கில் உலோகத்தின் மேல் இறுகிப் படிந்து, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் படலம்.

இரண்டுக்கும் பொதுவாக நம்மிடம் 'களிம்பு' இருக்கிறது. ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமையாக்கியது சைவ சித்தாந்தம். இங்கே பாலக்காட்டில் அண்டை வீட்டு மலையாளத்தார் 'கிளாவு' என்பதை நாங்கள் களிம்பு என்றே சொல்கிறோம். உப்பு மாங்காய் ஜாடிக்கு அருகில் பல மழைக்காலம் கிடந்த எங்கள் வெண்கல உருளியில் இரண்டையும் கண்டேன். வயிற்றுப் பகுதியில் கரும்பச்சைப் படலம் நகத்தால் சுரண்டியும் பெயரவில்லை. விளிம்பிலோ வெளிர்பச்சைத் தூள் விரலில் ஒட்டியது, புளி போட்டுத் தேய்த்த பிறகும் அடுத்த மழையில் அதே குழிகளில் மீண்டும் பூத்தது.

ஆகவே பட்டினாவுக்கு 'உறைகளிம்பு', மற்றதற்கு 'அரிகளிம்பு' என்று முன்மொழிகிறேன். அரித்த, அரிக்கின்ற, அரிக்கும் களிம்பு என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை, ஓயாத அந்த வினையை அப்படியே சொல்லிவிடுகிறது. 'உறைபனி' பழகிய காதுக்கு 'உறைகளிம்பு' அன்னியமாகாது. உறை என்பதில் மேலுறை என்ற பொருளும் கிடைப்பது கூடுதல் நன்மை.

களிம்பு என்றால் மருந்துக்கடைக் களிம்புதானே நினைவுக்கு வரும் என்ற தடை நியாயமானதே. ஆனால் அடைமொழி முன்னே நிற்கும்போது அந்த மயக்கம் எழாது.

இந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. புது தில்லி தேசிய அருங்காட்சியகத்திலுள்ள மொகஞ்சதாரோ நடனமங்கையின் உயரம் 10.5 செ.மீ. மட்டுமே, இடக்கை நிறைய வளையல்கள். அத்தனை சிறிய உருவத்தில் உறைகளிம்பையும் அழுக்கென்று தேய்த்தால் வளையல்களின் வரிகளே மழுங்கிப்போகும். அரிகளிம்பு கண்ட பொருளையோ உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குக் கீழுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். பதிவேட்டில் 'களிம்பு உள்ளது' என்று மட்டும் எழுதினால், அடுத்து வரும் பணியாளர் எதைச் செய்வார்?

வினையாக எழுதும்போது 'உறைகளிம்பு படிந்தது', 'அரிகளிம்பு பூத்தது' என்று வழங்கலாம்.