படுக்கையறையோடு இணைந்த குளியலறையைப் புதுப்பிக்க எவ்வளவு ஒதுக்கலாம்?

தெம்பனிஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட புளோக்கில், மறுவிற்பனையில் வாங்கிய ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். முதன்மைப் படுக்கையறையோடு இணைந்த குளியலறையில் ஓடுகளின் இடுக்குகள் கறுத்துவிட்டன; தரையில் சில ஓடுகளைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஓசை வருகிறது. புதுப்பிப்புப் பணி செய்யும் மூன்று குத்தகையாளர்களிடம் (ஒப்பந்ததாரர்களிடம்) விலை கேட்டோம். பழைய ஓடுகளின்மேலேயே புதியவற்றை ஒட்ட 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஒருவரும், முழுவதும் உடைத்தெடுத்துச் செய்ய 6,800 வெள்ளி என்று இன்னொருவரும், அலமாரி, கண்ணாடித் தடுப்பு எல்லாம் சேர்த்து 9,500 வெள்ளி என்று ஒரு வடிவமைப்பு நிறுவனமும் கூறின. நாங்கள் ஒதுக்கியிருப்பது 8,000 வெள்ளி. எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் இந்தக் குளியலறையைத்தான் பயன்படுத்துகிறார். இந்த மூன்று விலைகளையும் எந்த அடிப்படையில் ஒப்பிடுவது? தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

கட்டட மேற்பார்வையாளர்:
வணக்கம். நீங்கள் பெற்றிருப்பவை மூன்று வெவ்வேறு வேலைகளுக்கான விலைகள் என்பதால் அவற்றை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட இயலாது. முதலில் செய்ய வேண்டியது எந்த வேலை தேவை என்பதை முடிவு செய்வதுதான். தரை ஓடுகள் அடித்தளத்திலிருந்து பிடிப்பு விட்டிருக்கும்போது அவற்றின்மேல் புதிய ஓடுகளை ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழே இருப்பது அசைந்தால் மேலே இருப்பதும் பிளக்கும். மேலும், முப்பது ஆண்டுகளுக்கு மேலான நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அப்படியே உள்ளே கிடக்கும். தரையின் பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக்கூடாது என்ற வீவக விதியும் உண்டு. ஆகவே 4,200 வெள்ளி விலையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

குளியலறையின் உண்மையான செலவு கண்ணுக்குத் தெரியாத பகுதியில் இருக்கிறது. மற்ற இருவரிடமும் ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை எழுதிக் கேளுங்கள்: உடைப்பதும் இடிபாடுகளை அகற்றுவதும், தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் நீர்க்கசிவுத் தடுப்பு, ஓடு பதிக்கும் கூலி, குழாய் வேலை, மின்சார வேலை, பொருத்தும் சாதனங்கள், கடைசியாக 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரி (ஜிஎஸ்டி). வரி சேர்ந்ததா சேராததா என்பதிலேயே 6,800 என்பது 7,412 ஆகிவிடக்கூடும். ஓட்டுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு கணக்கிட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதைவிட விலை கூடிய ஓட்டை நீங்கள் தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும், பெரும்பாலான குடும்பங்களின் திட்டம் குலைவது இந்த இடத்தில்தான்.

ஓடு பதிப்பதற்கு முன் தரையில் நீரைத் தேக்கி 24 மணி நேரம் வைத்திருந்து சோதிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குத்தகையாளர் வீவகவின் பட்டியலில் இருப்பவராகவும், புதுப்பிப்பு அனுமதியை அவரே பெறுபவராகவும் இருக்க வேண்டும். கழிவுக் குழாய்களில் கைவைப்பதென்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் தேவை.

சிக்கனம் பிடிக்க விரும்பினால் அலமாரியிலும் கண்ணாடித் தடுப்பிலும் பிடியுங்கள். அவற்றைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். குழாய்களையும் கழிப்பறைத் தொட்டியையும் பாலஸ்டியர் சாலை அல்லது ஜாலான் புசார் கடைகளில் நீங்களே விலை கேட்டு வாங்கலாம். பருவநிலைக்கு உகந்த இல்லங்கள் திட்டத்தின் 400 வெள்ளிப் பற்றுச்சீட்டுகளை இன்னும் செலவழிக்கவில்லையெனில், திட்டத்தில் பங்கேற்கும் கடைகளில் நீர்ச் சிக்கனத்திற்கான மூன்று டிக் முத்திரை பெற்ற நீர்ச் சாதனங்களுக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். 8,000 வெள்ளியில் வரி உட்பட 7,000 வரையில் ஒப்பந்தம் செய்துகொண்டு, உடைத்த பிறகு வெளிப்படக்கூடிய குறைகளுக்காக எஞ்சியதைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

இன்னொன்று: தொடங்குவதற்கு முன் கீழ்வீட்டாரின் கூரையில் கசிவு உள்ளதா என்று விசாரியுங்கள். இருந்தால், வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் கசிவைச் சரிசெய்யும் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது. மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்காகப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஈசூன் மலர்:
சகோதரி, மாமியாரின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற, 65 வயதைக் கடந்தவர்கள் இருக்கும் வீவக வீடுகளுக்கு, மூத்தோரின் பாதுகாப்புக்கான ஈஸ் என்னும் அரசாங்கத் திட்டத்தில் கைப்பிடிகளும் வழுக்காத தரைப் பூச்சும் மிகுந்த மானியத்துடன் கிடைக்கின்றன. வீட்டின் வகையைப் பொறுத்து நீங்கள் செலுத்துவது 5 முதல் 12.5 விழுக்காடுதான். ஆனால் புதிய ஓடுகளைப் பதித்து முடித்த பிறகு விண்ணப்பியுங்கள், இல்லையேல் அந்தப் பூச்சு இடிபாடுகளோடு போய்விடும். ஓடு வாங்கும்போது பளபளப்பானதைத் தவிர்த்து, ஈரக்கையால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

ஜூரோங் செல்வன்:
உங்கள் புளோக்கில் வீவகவின் இல்ல மேம்பாட்டுத் திட்டம் நடந்துவிட்டதா? 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு அது உண்டு. அதில் குளியலறை மேம்பாடு விருப்பத் தெரிவாக வருகிறது, ஐந்தறை வீட்டுக் குடிமக்கள் அச்செலவில் 10 விழுக்காடு மட்டுமே கட்டுகிறார்கள். விரைவில் வரவிருக்கிறது என்றால், வடிவமைப்பில் தெரிவுகள் குறைவானாலும், காத்திருப்பதே இலாபம்.

பணத்தைப் பொறுத்தவரை, மத்திய சேம நிதியைப் புதுப்பிப்புப் பணிக்குப் பயன்படுத்த முடியாது. உங்கள் தொகைக்குக் கடனும் வேண்டாம் என்பது என் கருத்து. முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்து, நீர்ச் சோதனை முடிந்ததும் ஒரு பகுதி, ஓடு பதித்ததும் ஒரு பகுதி, குறைகளைத் திருத்திய பின் கடைசித் தவணை என்று பிரித்துக்கொள்ளுங்கள். குத்தகையாளர் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்றவரா என்றும் பாருங்கள். தகராறு எழுந்தால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்திற்குக் கொண்டுபோகலாம்; எழுத்தில் உள்ள விலைப்பட்டியல்தான் அங்கே உங்களுக்குத் துணை நிற்கும்.

தெம்பனிஸ்வாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்கில் முந்தைய உரிமையாளரின் காலத்திலேயே முடிந்துவிட்டதாம். அவர் குளியலறைத் தெரிவை எடுக்கவில்லை. சமையலறைக்குப் பக்கத்திலுள்ள பொதுக் குளியலறையையும் இதனோடு சேர்த்துச் செய்தால் மிச்சமாகுமா?

கட்டட மேற்பார்வையாளர்:
இடிபாடுகளை அகற்றுவது, ஆட்களை வரவழைப்பது போன்றவற்றை இரண்டு முறை செலுத்தாமல் இருப்பதால் ஓரளவு மிச்சமாகும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் உடைத்தால் வீட்டில் கழிப்பறையே இருக்காது. மூத்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் அது சரிப்படாது. ஒரே ஒப்பந்தத்தில் ஒன்றை முடித்து, அது பயன்பாட்டுக்கு வந்த பிறகே அடுத்ததைத் தொடங்கச் சொல்லுங்கள். உடைக்கும் வேலையை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம் என்பதால், அந்த நாள்களில் மாமியார் பகல் பொழுதை உறவினர் வீட்டில் கழிக்க முடியுமா என்றும் யோசியுங்கள். பொதுக் குளியலறையின் ஓடுகளைத் தட்டிப் பார்த்து, அவை உறுதியாக இருந்தால், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.