நீர், சுகாதாரத் துறையில் தொடர்ந்து போக வழி சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவில் முடித்துவிட்டு, ஊர்க் குடிநீர்ச் சங்கத்தில் மீட்டர் பார்த்து பில் எழுதுகிறேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தல் அடியில் வெள்ளையாகப் பிடித்திருப்பதை அம்மா கிழமைக்கொருக்கால் தேசிக்காய்ப் புளி விட்டு உரஞ்சுவா. மாரியில் வேறு கூத்து: மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இருபது அடிகூட இல்லாத வளவுகளில் வெள்ளம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். குளோரின் போட்டால் மணக்குது என்று சனம் ஏசும். குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டது. ஆனாலும் இந்த வேலைதான் பிடித்திருக்கிறது.

சரி, இனி என்ன செய்யலாம்? என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) எடுத்துத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு முயல்வதா, தொண்டு நிறுவனத்தில் சேர்வதா? தொண்டு நிறுவனம் என்றால், திட்டம் முடிந்ததும் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறார் அப்பா. அதுவும் பொய்யில்லை. மலக்கழிவு அகற்றும் பக்கத்தில் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறதா? முக்கியமாக, களத்தில் வேலை செய்யும் அக்காமார் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். கேட்க நிறைய இருக்கிறது.