எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) சேர்க்கை இன்டர்வியூவில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

கோடியக்கரை:
கஜா புயல் அடித்த மறு வருஷம், 2019. குழு விவாதம் முடிந்து தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். "ஏன் சமூகப்பணி?" வேதாரண்யம் பக்கம் எங்கள் தெருவில் தார்ப்பாய் கொடுக்க வீடு வீடாகப் பெயர் எழுதினேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓரத்தில் இருந்த அம்மா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "லிஸ்ட்ல யார் பேர் விட்டுப்போச்சு?" என்றார். ரேஷன் கார்டு இருந்தால்தான் எழுதணும் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். கோயில் நிலத்தில் குடிசை போட்டிருந்த ஒரு பாட்டிக்குக் கார்டு கிடையாது. அதைச் சொன்னேன். "சரி, போகலாம்" என்றார். சீட் கிடைத்தது. ஆனால் அந்தப் பதிலுக்கு மார்க் போட்டாரா, குறைத்தாரா என்று இன்றுவரை புரியவில்லை.

வெண்ணாறு:
போட்டிருப்பார். நானும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவன்தான். வருகிறவர்களில் பாதிப்பேர் "சின்ன வயசிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று ஒப்பிப்பார்கள், அப்புறம் எச்.ஆர். (கம்பெனி மனிதவளம்) பிரிவு கேட்பார்கள். மன்னார்குடிப் பையன் ஒருவனிடம், புருஷன் அடித்ததாக ஒரு பெண் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டோம். மற்றவர்கள் எல்லாம் கவுன்சிலிங் என்றார்கள். அவன், "அந்தாளு இப்ப எங்க இருக்கான்னு கேப்பேன் சார்" என்றான். அவள் இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பாள் என்பது அவனுக்கு முதலில் தோன்றியிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் இங்கிலீஷ் போதாது என்று மார்க்கைக் குறைத்தார். சண்டை போட்டேன்.

முத்துப்பேட்டை:
வெண்ணாறு சார், நீங்கள் சண்டை போட்டீர்கள், நல்லது. போடாத குழுவில் மாட்டினவன் கதி? குழு விவாதத்தில் டவுன் பையன் ஒருவன் இங்கிலீஷில் முழு நேரத்தையும் தின்றுவிட்டான். நான் வாய் திறந்தபோது மணி அடித்துவிட்டார்கள். குடிநோயாளி வீட்டில் வளர்ந்தவன் நான், விவாதத் தலைப்பும் மதுவிலக்கு! மனசைப் பார்த்து எடுக்கிறோம் என்பதெல்லாம் சும்மா. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் நுழைவுத்தேர்வு எழுதினால் போதும், மூஞ்சியைப் பார்த்து மார்க் போட முடியாது.

குடந்தை அண்ணன்:
எனக்குக் கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் அஞ்சே நிமிஷத்தில் முடிந்தது, சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயம். எந்த டிகிரி முடித்திருந்தாலும் சேரலாம், பி.காம். என்று கூச்சப்பட வேண்டாம். டி.சி., சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலோடு ஜெராக்ஸும் வையுங்கள். உதவி எண் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இது தெரியாமல் உள்ளே போகாதீர்கள். மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12-லிருந்து தள்ளிப்போனால் குறுவை நெல் என்னாகும், நடவுக்கூலி வேலை இல்லாத வீட்டில் யார் வெளியூர் போவார்கள் என்று யோசித்து வையுங்கள். டெல்டாப் பிள்ளை என்றால் கேட்கத்தான் செய்வார்கள். களப்பணிக்கு வாரத்தில் ரெண்டு நாள் அலைய வேண்டும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்...

முத்துப்பேட்டை:
அண்ணே, யாரும் கேட்கலையே.

வெண்ணாறு:
முத்துப்பேட்டை, க்யூட்டில் சரியான விடைக்கு டிக் அடிப்பவன் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போவானா? மணி அடித்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இன்டர்வியூவையே தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்.

கோடியக்கரை:
அந்தப் பாட்டிக்குத் தார்ப்பாய் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. அதை உள்ளே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.