302 நியூரானையும் ஏற்றியாச்சு, வண்டி ஏன் வட்டமடிக்கிறது?

மூன்றுசக்கரம்:
வணக்கம். டிப்ளமோ கடைசி வருடம். புராஜெக்டுக்கு சி. எலிகன்ஸ் புழுவின் நரம்பு வரைபடத்தை எடுத்து, ஒரு சின்ன மோட்டார் வண்டியை ஓட்டும் புரோகிராமாக எழுதியிருக்கிறேன். மொத்தமே 302 நியூரான். எதற்கும் எதற்கும் இடையே எத்தனை சினாப்ஸ் (நியூரான்கள் இணையும் இடம்) என்பது அட்டவணையாகவே கிடைக்கிறது. ஒரு நியூரான் சுட்டால், அதாவது சிக்னல் அனுப்பினால், சினாப்ஸ் எண்ணிக்கை அளவுக்கு அடுத்ததில் புள்ளி ஏறும். 30ஐத் தாண்டினால் அதுவும் சுடும், பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். இடப்பக்கத் தசைகளில் சேரும் புள்ளி இடது மோட்டாருக்கு, வலப்பக்கம் வலது மோட்டாருக்கு. முன்னால் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். 20 செ.மீ.க்குள் ஏதாவது வந்தால் மூக்கில் பட்டதாகக் கணக்கு.

சுவரைக் கண்டால் பின்வாங்குகிறது. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மற்ற நேரமெல்லாம் அடுக்களைத் தரையில் வட்டமடிக்கிறது, இல்லாவிட்டால் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. 30ஐ 15 ஆக்கினேன், 50 ஆக்கினேன், ஒன்றும் மாறவில்லை. வரைபடம் சரியாக இருந்தால் நடத்தை தானாக வந்துவிட வேண்டாமா? புழு, ஈ, எலி, மனிதன் என்று படிப்படியாக இயந்திர அறிவைக் கட்டலாம் என்று முன்னுரையில் வேறு எழுதிவிட்டேன்.

பழைய வால்வு:
302 எதற்குத் தம்பி? 1940களின் கடைசியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்பவர் இரண்டே ரேடியோ வால்வு வைத்து இயந்திர ஆமை செய்தார். எல்மர், எல்சி என்று பெயர். ஒரு ஒளிக்கண், ஓட்டில் ஒரு தொடு சுவிட்ச், அவ்வளவுதான். மங்கலான வெளிச்சத்தைத் தேடிப் போகும், கண் கூசும் அளவுக்கு நெருங்கினால் விலகும். பேட்டரி இறங்கினால் அந்தக் கூச்சம் போய்விடும், நேராக விளக்கு எரியும் கூண்டுக்குள் சார்ஜ் ஏற்றப் போய் நிற்கும். நான் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். அந்த சர்க்யூட்டைப் பார்த்தபோது இதற்கா இவ்வளவு புத்தி என்று சிரித்துவிட்டேன். நீங்கள் அதைச் செய்தால் இந்த வாரமே முடிந்துவிடும்.

மூன்றுசக்கரம்:
ஐயா, தலைப்பு பதிவாகிவிட்டது. புழுதான் வேண்டும்.

கண்ணிமை:
தம்பி, நான் ஐந்து வருடம் புழு ஆய்வகத்தில் இருந்தவள். பெயருக்குக் காரணம் கேட்பீர்கள்: பல்குத்தும் குச்சி முனையில் ஒரு இமைமுடியை ஒட்டி, அதால் புழுவைத் தொடுவோம். தலைக்குச் சற்றுப் பின்னால் தடவினால் பின்னால் போகும். வால் பக்கம் தடவினால் முன்னால் ஓடும். புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர், கை நடுங்கினால் போச்சு.

உங்கள் தப்பு புரோகிராமில் இல்லை, புழு எப்படிப் படுத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. ஆய்வகத்தில் அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் அது வயிற்றைக் கீழே வைத்து ஊர்வதில்லை, ஒருக்களித்துப் படுத்து ஊர்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் முட்டை வெளிவரும் துளை வயிற்றுப் பக்கம்தான், ஆனால் அது உடலின் அடியில் ஒளிந்திருக்காது. ஓரத்தில் சின்ன மேடாகத் துருத்தித் தெரியும். அதாவது நாம் மேலிருந்து பார்க்கும் அந்த நெளிவு இடம் வலம் இல்லை, முதுகு வயிறு. உடம்பில் இடப்பக்கத் தசையும் வலப்பக்கத் தசையும் சேர்ந்தேதான் இறுகும். தலை மட்டும் எல்லாப் பக்கமும் திரும்பும். நீங்கள் இடம் வலமாகப் பிரித்து மோட்டாருக்குக் கொடுத்தால், கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேண்டிய இரண்டு எண்ணை ஒன்றோடொன்று மோதவிட்டு, மிஞ்சுகிற சில்லறை வித்தியாசத்தில் வண்டி ஓட்டுகிறீர்கள். அது வட்டமடிக்காமல் என்ன செய்யும்?

முதுகுத் தசைகளை ஒரு சக்கரத்துக்கும் வயிற்றுத் தசைகளை மறு சக்கரத்துக்கும் கொடுங்கள். இன்னொன்று: தசை இறுகும் பக்கமாகத்தான் உடம்பு வளையும். அதனால் அந்தப் பக்கச் சக்கரம் வேகம் குறைய வேண்டும், கூடக்கூடாது.

அப்புறம் கூட்டல் கழித்தல். 302இல் 26 நியூரான்கள் காபா என்ற வேதிப்பொருளை வெளிவிடுபவை. அதில் 19, முதுகு இறுகும்போது வயிற்றைத் தளர்த்தவும் வயிறு இறுகும்போது முதுகைத் தளர்த்தவும் இருப்பவை. இவற்றை மைனஸில் போட்டீர்களா? போடாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரேயடியாக இறுகும். உங்கள் வண்டியின் நடுக்கத்துக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

வரைபடம் சரியென்றால் நடத்தை வந்துவிட வேண்டாமா என்று கேட்டீர்கள். 1986இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த அந்த வரைபடம், புழுவை மெல்லிய சீவல்களாகச் சீவி, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து, ஒவ்வொரு நரம்பையும் கையால் தொடர்ந்து போய் வரைந்தது. எது எதைத் தொடுகிறது என்று அது சொல்லும். அந்தத் தொடுகை தூண்டுகிறதா அடக்குகிறதா, எவ்வளவு பலம் என்று சொல்லாது. இந்தப் புழுவின் நியூரான்களில் பெரும்பாலானவை 'சுடுவதே' இல்லை, மின்னழுத்தம் மெல்ல ஏறி இறங்கும். ஆக அந்த 30 புழுவுடையது இல்லை, உங்களுடையது. போதாததற்கு, கம்பியே இல்லாமல் பரவிப் போய் வேலை செய்யும் நியூரோபெப்டைடுகள் என்ற வேதிப்பொருட்கள் வேறு. பிரின்ஸ்டனில் புழுவின் தலையிலுள்ள நியூரான்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, மற்றவற்றில் என்ன நடக்கிறது என்று அளந்து 2023இல் வெளியிட்டார்கள். வரைபடத்தை வைத்துக் கணித்ததும் அளந்ததும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

நானாக இருந்தால் 302ஐத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தொடு உணர்வுச் சுற்றை மட்டும் எடுப்பேன். மார்ட்டின் சால்ஃபியும் கூட இருந்தவர்களும் 1985இல் வெளியிட்டது. தொடு நியூரான் ஆறு. நடுவில் நின்று செய்தியைக் கடத்துபவற்றில் முக்கியமானவை நான்கு நியூரான் ஜோடி: ஏவிஏ, ஏவிடி பின்னால் போக, ஏவிபி, பிவிசி முன்னால் போக. அவர்கள் லேசரால் ஒவ்வொரு செல்லாகக் கொன்று, எந்தத் தொடுதலுக்குப் பதில் நின்றுபோகிறது என்று பார்த்தார்கள். நீங்களும் அதையே செய்யலாம், லேசர் வேண்டாம், அட்டவணையில் அந்த வரிசையைப் பூஜ்யமாக்கினால் போதும். வாலில் இருக்கும் பிஎல்எம் என்ற தொடு நியூரான் ஜோடியை எடுத்தால் வால் தொடுதலுக்கு வண்டி ஓடக்கூடாது, தலைத் தொடுதலுக்குப் பின்வாங்குவது அப்படியே இருக்க வேண்டும். ஒத்துப்போனால் தைரியமாகப் புழு என்று சொல்லுங்கள்.

முன்னுரையில் அந்த எலி, மனிதன் வரியை எடுத்துவிடுங்கள். பழ ஈயின் லார்வா மூளைக்கு 3,016 நியூரான் என்று 2023இல் முழு வரைபடம் வந்தது, அடுத்த வருடமே வளர்ந்த ஈயின் மூளைக்கு ஏறத்தாழ 1,39,000. வரைபடம் வேகமாகத்தான் வருகிறது. ஒருக்களித்துப் படுத்திருப்பது அதில் வராது.

பழைய வால்வு:
அந்தக் கடைசி வரிக்கு ஒரு கும்பிடு அம்மா. எங்கள் தொழிலிலும் அப்படித்தான், சர்க்யூட் படத்தில் ஸ்பீக்கர் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று போட்டிருக்க மாட்டான்.

மூன்றுசக்கரம்:
அக்கா, பத்து நாள் ஆயிற்று. நீங்கள் சொன்னபடி மாற்றினேன். காபா எல்லாமே பிளஸில்தான் கிடந்தது. இப்போது வண்டி நெளிந்து நெளிந்து போகிறது. முன்னும் பின்னும் ஒவ்வொரு தொடு சுவிட்ச். பிஎல்எம்மைப் பூஜ்யமாக்கினால் பின்னால் தட்டும்போது சும்மா நிற்கிறது, முன்னால் தட்டினால் ஒரு சாண் பின்வாங்குகிறது. தங்கைதான் சோதனை அதிகாரி. முன்னால் முப்பது தடவை தட்டினாள், முப்பதாவது தடவையும் அதே ஒரு சாண். "இதுக்கு சலிக்கவே சலிக்காதா?" என்று கேட்கிறாள்.

கண்ணிமை:
தங்கை கேட்டதுதான் அடுத்த வேலை. நிஜப் புழுவுக்குச் சலிக்கும். தட்டின் ஓரத்தை ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருந்தால் பின்வாங்கும் தூரம் குறைந்துகொண்டே வரும். கேத்தரின் ராங்கின் 1990இல் காட்டியது. 10 விநாடிக்கு ஒருமுறை தட்டினால் சீக்கிரம் சலித்து, விட்டதும் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். 60 விநாடிக்கு ஒருமுறை என்றால் சலிக்கவும் நேரமாகும், மீளவும் நேரமாகும்.

தொடு நியூரானிலிருந்து நடு ஜோடிகளுக்குப் போகும் எண்களை ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் குறைத்து, சும்மா இருக்கும்போது மெல்ல ஏறவிடுங்கள். முதல் பாதி சுலபமாக வந்துவிடும். இடைவெளியைப் பொறுத்து மீளும் வேகம் மாறுவது ஒரே ஒரு எண்ணை வைத்து வராது, நான் முட்டிப் பார்த்திருக்கிறேன். தங்கை கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்துவிடுங்கள்.