கூகுள் தேடலில் பக்கத் தலைப்பு நடுவே &#8211; என்று வருகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வேர்ட்பிரஸ் தளம். ‘பித்தளை விளக்கு - துலக்கும் முறை’ என்று தலைப்பு கொடுத்தால், தேடலில் ‘பித்தளை விளக்கு &#8211; துலக்கும் முறை’ என்று வருகிறது. சிறுகோட்டை எடுத்துவிட்டு | போட்டால் சரியாகுமா? எஸ்இஓவுக்கு (தேடலில் மேலே வர) எது நல்லது?

பதில் 1:
| போட்டால் இந்த எண் மறையும், கோளாறு மறையாது. இருபுறமும் இடைவெளி உள்ள சிறுகோட்டை வேர்ட்பிரஸ் தானாகவே நீள்கோடாக்கி &#8211; என்ற குறியீடாகத் தரும். பிரௌசர் அதைக் கோடாகத்தான் காட்டும். உங்கள் தீம் அதை இன்னொரு முறை எஸ்கேப் செய்வதால் (அதாவது சிறப்புக் குறிகளைக் குறியீடாக மாற்றுவதால்), முன்னால் உள்ள & தனிக் குறியீடாகி, மீதி வெறும் எழுத்தாகத் தெரிகிறது. நாளை தலைப்பில் & போட்டால் அங்கேயும் &#038; என்று நிற்கும்.

பக்கத்தின் சோர்ஸைத் திறந்து டைட்டில் டேகைப் பாருங்கள். &, # இரண்டும் ஒட்டியிருந்தால் சரி. நடுவில் ‘ஏஎம்பி’ எழுத்துகளும் அரைப்புள்ளியும் இருந்தால் இரட்டை எஸ்கேப்தான்.

கேட்டவர்:
ஆமாம், நடுவில் இருக்கிறது. ஹெடர் ஃபைலில் பிஎச்பியின் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாகத் தலைப்பு போகிறது.

பதில் 1:
அதேதான். அந்த ஃபங்ஷனின் நான்காவது மதிப்பு இரட்டை எஸ்கேப்புக்கானது. எதுவும் கொடுக்காவிட்டால் ட்ரூ. அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். சைல்ட் தீமில் (மூல தீமைத் தொடாமல் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் போய்விடும். ஓஜி டைட்டிலையும் (இணைப்பைப் பகிரும்போது தெரியும் தலைப்பு) பாருங்கள். அங்கே விட்டுவிட்டால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது அதே எண் வரும். கேஷை அழித்துவிட்டு, கூகுளின் சர்ச் கன்சோலில் முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் இன்டெக்ஸிங் (பக்கத்தை மறுபடி படித்துப் பதிவது) கேளுங்கள். தேடலில் மாறச் சில நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும்.

பதில் 2:
குறியை மாற்றினால் ரேங்க் ஏறாது. தளப் பெயரைப் பிரிக்கச் சிறுகோடு, முக்காற்புள்ளி, | எது வேண்டுமானாலும் போடலாம் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. ஒன்றைத் தேர்ந்து தளம் முழுக்க அதையே வையுங்கள். ‘விளக்கு | பித்தளை விளக்கு | விலை’ என்று சொற்களை அடுக்குவதுதான் வம்பு. அப்படி அடுக்கினால் கூகுள் உங்கள் தலைப்பை விட்டுவிட்டு எச்1-ஐ (பக்கத்துக்குள் தெரியும் முதன்மைத் தலைப்பு) எடுத்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட்டிலிருந்து இது சகஜம்.

தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கைத் தமிழுக்கு நம்பாதீர்கள். கணினியில் ஏறக்குறைய 600 பிக்சல் தெரியும். ‘ணை’, ‘ஞௌ’ போன்றவை அகலத்தைத் தின்றுவிடும். ‘துலக்கும் முறை’ முன்னால் வரட்டும், தளப் பெயர் கடைசியில். வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, அந்தப் பெயரைக் கூகுள் முடிவுக்கு மேலே தனியாகவும் காட்டுகிறது.