வீட்டில் 28, ரோட்டில் 16: எந்த சைக்கிள் பொய் சொல்கிறது?

கரந்தைக்காரன்:
அவசரம். ஏழு மாதமாக வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கிறேன். திரையில் மணிக்கு 28 கிலோமீட்டர் காட்டும். முக்கால் மணி நேரம் அசராமல் ஓட்டுவேன். அந்தத் தைரியத்தில் ரோடு சைக்கிள் வாங்கி, நேற்று திருவையாறு போய்த் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்பினேன். 16ஐத் தாண்டவில்லை. பால்காரர் ஒருவர் இரண்டு பக்கமும் கேன் தொங்கும் சைக்கிளில் என்னை முந்திப் போனார். முழங்கால் வேறு வலி. ஞாயிறன்று கல்லணைக்கு வருவதாக நண்பர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா?

ஆற்றுப்பாலம்:
டயர் எத்தனை மில்லிமீட்டர்? காற்று எவ்வளவு? வலி முழங்காலுக்கு முன்னாலா, பின்னாலா? எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? இதெல்லாம் சொல்லாமல் சண்டைக்கு நாள் குறித்தால் எப்படி?

நீடா ஜங்ஷன்:
எல்லாம் ஆடிக் காற்றின் வேலை. திருவையாற்றிலிருந்து மேற்கே திரும்பினால் முகத்தில் அறையும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். கூடத்தில் நிற்கும் சைக்கிளுக்கு அந்தக் கவலை ஏது?

பெடல் வாத்தியார்:
பலமுறை விளக்கிவிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. மறுபடியும் பாலர் வகுப்பு. வீட்டு சைக்கிளின் திரையில் வருவது வேகமே அல்ல. மிதி சுற்றுவதை எண்ணி, தயாரிப்பாளர் வைத்த ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. பல மாடல்களில் இறுக்கத்தை ஒன்றில் வைத்தாலும் எட்டில் வைத்தாலும் அதே 28தான். சுற்று எண்ணிக்கையையும் நாடித் துடிப்பையும் மட்டும் பாருங்கள்.

வயல்வரப்பு:
ஆனால் வீட்டில்தானே வியர்வை ஆறாக ஓடுகிறது ஐயா?

பெடல் வாத்தியார்:
காற்று மேலே படாததால் வியர்வை உலர்வதில்லை, உடல் சூடேறுகிறது. அதை உழைப்பு என்று நினைத்துப் பெருமைப்படுகிறீர்கள். மின்விசிறியை எதிரே வையுங்கள்.

கரந்தைக்காரன்:
முன்பக்கம். காலை 10 மணி. காற்று கடையில் அடித்துத் தந்ததுதான்.

ஆற்றுப்பாலம்:
எவ்வளவு என்று கேட்டேன். முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருப்பதே காரணம். மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசான மடக்கு தானாக வரும். அடுத்து, பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணுங்கள்.

வயல்வரப்பு:
டெல்டா தாம்பாளம் போலத் தட்டை. ஏற்றமே இல்லாத ஊரில் 16 என்றால் உடம்பில்தான் கோளாறு.

நீடா ஜங்ஷன்:
தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குள் நுழைய வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் ஏறி இறங்க வேண்டும். தட்டையாம்!

வயல்வரப்பு:
வடவாறு எங்கே வந்தது? எங்கள் தாத்தா அரிசிலாற்றைத்தான் ஐந்தில் சேர்ப்பார்.

நீடா ஜங்ஷன்:
அரிசிலாறு கும்பகோணத்துப் பக்கம் ஓடுகிறது. தாத்தா எந்த வழியாகப் போனார்?

பெடல் வாத்தியார்:
இது சைக்கிள் இழை.

வயல்வரப்பு:
தாத்தா சைக்கிளில்தான் போனார்.

கரந்தைக்காரன்:
ஒன்றரைச் சுற்றில் நின்றது. பிரேக் கட்டை ஒரு பக்கம் ரிம்மைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ரிம்மில் கறுப்புக் கோடு. தள்ளி வைத்தேன். சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றினேன். விடிகாலையில் அதே வழியில் 21. நன்றி.

நீடா ஜங்ஷன்:
விடிகாலையில் காற்று குறைவு. நான் சொன்னதுதான்.

ஆற்றுப்பாலம்:
டயரில் காற்று எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.